அபாயம் நீங்காத ஊர்

எங்கள் ஊர் மீது எந்த நேரமும் ஏவுகணை விழலாம். நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை வேளையில் எங்கள் அலுவலக மொட்டைமாடியில் அபாயச் சங்கு ஊதியது. சட்டப்படி அந்த அபாயம் இன்றுவரை நீங்கவில்லை. இது தெரியாமல் மக்கள் மலைமேல் மொட்டை போட்டுக்கொண்டும் பஸ் ஸ்டாண்டில் பூரி தின்றுகொண்டும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

போன வாரம் விமலா வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்த பெண். கையில் அன்றைய செய்தித்தாள் இருந்தது. நம் நாடே நெடுந்தூர ஏவுகணை ஒன்றை விட்டுப் பார்த்ததாக முதல் பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மேலிடத்தில் யாருக்கோ எங்கள் பிரிவின் ஞாபகம் வந்திருக்கிறது. எல்லா ஊரிலும் அபாயம் நீங்கிவிட்டதாம், திருத்தணி மட்டும் பாக்கியாம். ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

"நீங்கிடுச்சின்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிதுங்களே சார்?" என்றாள்.

"எழுதிடாதேம்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்டு முடித்ததும் அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீங்களும் பார்க்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. சில வருடம் நிலம் அளக்கும் சங்கிலியைத் தூக்கினேன், சில வருடம் பழைய தெலுங்குப் பதிவுகளைத் தமிழில் எழுதினேன். எல்லை பிரிந்து எங்கள் ஊர் இந்தப் பக்கம் வந்த புதிதில் இரண்டு பாஷையும் தெரிந்தவனுக்கு நல்ல கிராக்கி. அந்த வேலை தீர்ந்ததும் என்னை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது வானத்திலிருந்து வரும் ஆபத்துகளில் இருந்து பொதுமக்களைக் காக்கும் சட்டம் ஒன்று வந்தது. அதற்கு ஒரு பிரிவு திறந்து, ஒரு தனி அலுவலரையும் என்னையும் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள்.

அந்த அலுவலர் பெயர் பரமசிவம். ஆள் ஆகிருதியில் தேர், குரல் மட்டும் கீச்சென்று இருக்கும். விதிப் புத்தகத்தைத் திறக்குமுன் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிடுவார். எதைக் கேட்டாலும் சொந்தமாகப் பதில் சொல்ல மாட்டார். புத்தகத்தைத் திறந்து, உரிய வரியில் விரலை வைத்து, அந்த விரலைப் பார்த்துக்கொண்டே பேசுவார். ஒருநாள் தலைவலிக்கிறது, சீக்கிரம் போகட்டுமா என்று கேட்டேன். அதற்கும் விரல் வைத்தார். ஆனால் என்னை ஒருநாள்கூட உரக்கக் கூப்பிட்டதில்லை. வேண்டியிருந்தால் எழுந்து என் மேஜைக்கு வந்து நின்று, "சேஷாசலம், ஓய்வாக இருக்கிறீர்களா?" என்று கேட்பார்.

முதலில் வந்த சட்டத்தில் ஆகாய விமானத்தைப் பற்றி மட்டும்தான் இருந்தது. உலகத்தில் நெடுந்தூர ஏவுகணை என்று ஒன்று இருப்பது மேலே இருப்பவர்களுக்குத் தாமதமாகத் தெரிந்திருக்கிறது. உடனே திருத்தம் வந்தது. புதிதாக ஒன்றும் எழுதவில்லை. விமானம் என்று வரும் இடத்தில் எல்லாம் 'விமானம் அல்லது நெடுந்தூர ஏவுகணை' என்று படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கட்டுக் கட்டாகத் துண்டுச் சீட்டுகள் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு சீட்டையும் வெட்டி அந்தந்த வரியின் மேல் ஒட்ட வேண்டும்.

அந்த வேலையைப் பரமசிவம் யாருக்கும் விட்டுத்தரவில்லை. சீட்டை வெட்டி, அளவுகோல் வைத்து ஓரம் பார்த்து, பசை தடவி ஒட்டுவார். அதன்மேல் ரேஷன் கடை எடைக்கல் ஒன்றை வைப்பார். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், வடாம் காயப்போட்டவர் காக்கைக்குக் காவல் இருப்பதுபோல.

ஒட்டி முடித்தபின் படித்துப் பார்த்தோம். விமானமோ நெடுந்தூர ஏவுகணையோ தலைக்கு மேல் போனால் அதன் நிறத்தையும் இறக்கைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். விமானமோ நெடுந்தூர ஏவுகணையோ வயலில் இறங்கினால், அதிலிருந்து வெளியே வருபவரிடம் கடுமையாகப் பேசாமல், கிராம அதிகாரி வரும்வரை நிழலில் உட்கார வைக்க வேண்டும்.

"ஏவுகணையிலிருந்து யார் சார் வருவாங்க?" என்றேன்.

அவர் விரலை வைத்தார். "வந்தால் என்றுதானே போட்டிருக்கிறது? வராவிட்டால் நமக்கு வேலை மிச்சம்" என்றார்.

எங்கள் ஊரை எவன் குறிவைப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதற்கும் அவர் விரல் வைத்தபடியே விளக்கம் சொன்னார். நமக்கென்று யாரும் அனுப்ப மாட்டார்கள், அரக்கோணம் ஜங்ஷனுக்கு அனுப்பியது கொஞ்சம் தவறினால் நமக்கு வரும் என்றார். அவ்வளவு தூரம் வருகிற சாமானுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னே பின்னே ஆவது சகஜம்தானே.

சட்டத்தின் உயிர் பதுங்குகுழியில் இருந்தது. ஊரில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு குழி என்று கணக்குப் போட்டு வெட்டச் சொன்னார்கள். சொன்னவர் எங்கள் ஊர் மண்ணைப் பார்த்ததில்லை. மலையடிவாரத்தில் ஒரு முழம் மண், அதற்குக் கீழே பாறை. கடப்பாரை வளைந்ததே தவிர குழி ஆழமாகவில்லை. கடைசியில் குளத்துக்குப் போகிற வழியில், மண் இளகிய ஓர் இடத்தில், ஒரே ஒரு குழியை ஒழுங்காக வெட்டினோம். நீளமாக, சதுரமாக, பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் கிருத்திகை. காவடி எடுத்து வந்தவர்கள் அந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, யாரோ தீமிதிக்க வெட்டிய அக்கினி குண்டம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் போய்ப் பார்க்கும்போது குழியைச் சுற்றி மஞ்சள் நீர் தெளித்து, நான்கு மூலையிலும் வேப்பிலை செருகி, கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பரமசிவம் அதன் அருகே நின்று கொஞ்சம் யோசித்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து செருப்புக் காலுடன் அந்தக் குழியில் இறங்க ஊரில் ஆள் இல்லை.

குழி எத்தனை தயார் என்று மேலிடம் கேட்டு நெருக்கியது. இதற்கு நடுவே அடுத்த கட்டுத் திருத்தம் வந்தது, எங்களிடம் பசை தீர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் கெட்டிப் பசை வேண்டுமானால் நெசவாளர் தெருவுக்குத்தான் போக வேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு அவர்கள் தடவுகிற கஞ்சி பிடித்தால் விடாது. நான் வாங்கி வருகிறேன் என்றேன். பதம் பார்க்க வேண்டும் என்று அவரும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். அந்தக் கஞ்சிக்குப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தெருவில் முதல் வீடு நாகம்மாவுடையது. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்கள், ஒரே தறி. நாங்கள் நுழைந்தபோது அவள் நெய்துகொண்டிருந்தாள். குழித்தறி பார்த்தவர்களுக்குத் தெரியும். தரையில் பள்ளம் வெட்டி, அதற்கு மேல் தறி பூட்டியிருக்கும். நெய்பவர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டு மிதியை மிதிப்பார். ஆபீசரைப் பார்த்ததும் நாகம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், சட்டென்று முடியவில்லை. இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்த ஒரு பெண் எங்களைக் கும்பிட்டாள்.

பரமசிவம் கஞ்சியை மறந்துவிட்டார். குனிந்து குடையால் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் முருகனே நேரில் வந்ததுபோல் ஒரு தெளிவு. "சேஷாசலம், இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இது உண்டா?" என்றார்.

உண்டு என்றேன்.

வீட்டுக்குள் ஏற்கெனவே உள்ள பள்ளங்களையும் கணக்கில் சேர்க்கலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான். ஒரே வாரத்தில் திருத்தணியில் பதுங்குகுழிக்குப் பஞ்சமில்லை என்று ஆகிவிட்டது. மேலிடம் பாராட்டி எழுதியது. பாறையில் எப்படி ஐயா வெட்டினீர்கள் என்று பக்கத்துத் தாலுகாக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். பரமசிவம் அடக்கமாகச் சிரித்தார்.

பாராட்டு வந்தால் பின்னாலேயே ஆய்வு வரும். சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஒல்லி, சுறுசுறுப்பு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். மலைக்குப் போய் உச்சிகால தரிசனத்தையும் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. முதலில் சங்கை ஊதிக் காட்டச் சொன்னார்.

மொட்டைமாடியில் மின்சாரச் சங்கு ஒன்று பொருத்தியிருந்தோம். ஏறி இறங்கி அழுதால் அபாயம், ஒரே சீராக ஊதினால் அபாயம் நீங்கியது. அன்று ஊரில் வோல்டேஜ் இல்லை. சங்கு, கன்று போடும் எருமையைப் போல் ஒரு முனகு முனகி, கஷ்டப்பட்டு மேலே ஏறி ஊரே கேட்க அழுதது. பிறகு புகை வந்தது, அதோடு நின்றுவிட்டது. அபாயம் நீங்கியதற்கான ஊதலுக்கு அதனிடம் மூச்சு இல்லை. சரி, அதை விடுங்கள், குழியைக் காட்டுங்கள் என்றார் அதிகாரி.

பக்கத்தில் இருந்தது நாகம்மா வீடுதான். அதிகாரி பள்ளத்தைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். பிறகு பரமசிவத்தைப் பார்த்து, இறங்கிக் காட்டுங்கள் என்றார். நாகம்மா நகர்ந்து இடம் விட்டாள். பரமசிவம் செருப்பைக் கழற்றி, வேட்டியை ஒதுக்கி, விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டார். அதற்கு மேல் எதுவும் உள்ளே போகவில்லை. சட்டம் காப்பாற்ற நினைத்த ஆள் கிட்டத்தட்ட முழுசாக வெளியே இருந்தார். படுங்கள் என்றார் அதிகாரி. படுக்க முயன்றபோது கால் மிதியில் பட்டு, தறி தானாக மேலும் கீழும் அசைந்தது.

நாகம்மா நிதானமாகச் சொன்னாள்: "காலு ரெண்டும் தப்பிச்சிக்கும் சார். மேல இருக்கறதுக்குத்தான் முருகன் வழி காட்டணும்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கடித்துக்கொண்டேன். நாலு பேர் சேர்ந்து பரமசிவத்தை வெளியே தூக்கினோம். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பள்ளத்தின் மேல் குற்றமில்லை, தறிதான் இடைஞ்சல் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். பதுங்குகுழிக்குள் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்பது விதி. தெரு முழுக்கத் தறிகளைப் பிரித்து எடுத்துவிட்டுக் குழிகளைக் காலி செய்யுங்கள், அடுத்த மாதம் வருவேன், தறி இருந்தால் ஜப்தி என்று சொல்லிவிட்டுத் தரிசனத்துக்குப் போனார்.

மறுநாள் நாகம்மா அலுவலகத்துக்கு வந்தாள். தெருக்காரர்கள் வாசலில் நின்றார்கள், அவள் மட்டும் உள்ளே வந்தாள். பரமசிவம் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். அவர் யாருக்கும் நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை. அவள் உட்காரவில்லை.

"இது எங்க நைனா வெட்டின குழிங்க. தறிய பிரிச்சா பாவு அறுந்து பூடும். இந்தப் பாவுதான் எங்களுக்குச் சோறு. குண்டு வந்து சாவறத அப்புறம் பாத்துக்கலாம், இப்பவே ஏன் சார் பட்டினி போட்டு சாவடிக்கிறீங்கோ? எங்க வூட்ல குழி இருக்குதுன்னு நாங்க யாரையாச்சும் கேட்டு வந்தமா?"

பரமசிவம் புத்தகத்தைத் திறந்தார். விரல் பக்கத்தின் மேல் அலைந்தது, எந்த வரியிலும் நிற்கவில்லை. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு அவளைப் பார்த்தே பேசினார். "ஒரு மாதம் இருக்கிறது, அம்மா. தறியில் கை வைக்காதீர்கள்" என்றார். விரல் இல்லாமல் அவர் சொன்ன முதல் பதில் அதுதான்.

அவள் போனபின் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கில் சேர்த்தது தப்பு என்று எழுதிவிடுங்கள் சார் என்றேன். எழுதலாம், என் வேலை போகும், அது பரவாயில்லை என்றார். ஆனால் ஒருமுறை பதுங்குகுழி என்று பதிவானால் அதை நீக்குவதற்கு விதியே இல்லை, நான் போனாலும் குழி இருக்கும், அடுத்து வருகிறவன் தறியை எடுப்பான் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்குத்தான் அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அதன்பின் அவர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஒட்டிய திருத்தங்களில் பாதியைக் கஞ்சி வாசனைக்குக் கரப்பான் தின்றிருந்தது. மிச்சத்தைப் படித்தார். ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சேஷாசலம், ஓய்வாக இருக்கிறீர்களா? அபாயம் எப்போது ஆரம்பிக்கிறது?"

"சங்கு ஏறி இறங்கி ஊதினா சார்."

"எப்போது முடிகிறது?"

"சீரா ஊதினா சார்."

"ஊதினோமா?"

நான் தலையைத் தூக்கி மேல்கூரையைப் பார்த்தேன். அதற்கு மேலே அந்தச் சங்கு கருகிப்போய்க் கிடந்தது. அவர் புத்தகத்தை என் முன் வைத்தார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு காவலரை நியமிக்கலாம். அபாயம் நீங்கும்வரை காவலர் குழியை விட்டு அகலக் கூடாது. தம் தொழிலுக்குரிய கருவிகளை அவர் உடன் வைத்துக்கொள்ளலாம். எழுதியவன் மண்வெட்டியையும் வாளியையும் நினைத்து எழுதியிருப்பான். எங்களுக்கு அங்கே தறி தெரிந்தது.

அன்றே நெசவாளர் தெரு முழுவதையும் காவலர்களாக நியமித்தோம். கையில் கட்டிக்கொள்ளப் பட்டை வேண்டும் என்றது விதி. புடவைக் கரையில் துண்டு நறுக்கி அவர்களே கட்டிக்கொண்டார்கள். பட்டையைக் கட்டிவிடும்போது நாகம்மா என்னிடம், "இன்னா வேலைங்க செய்யணும்?" என்றாள். குழியில் உட்கார்ந்து நெய்ய வேண்டும் என்றேன். "அத்த தானே செஞ்சிகினு கீறோம்" என்றாள்.

சொன்னபடி அதிகாரி வந்தார். நாகம்மா கையில் பட்டையோடு குழியில் இருந்தாள், தறி ஓடியது. பரமசிவம் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். அதிகாரி புத்தகத்தை வாங்கித் தானே படித்தார். கரப்பான் தின்ற இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, அப்படியானால் சங்கைப் பழுது பார்த்து, சீராக ஊதி, அபாயத்தை முடியுங்கள் என்றார்.

பரமசிவம் பக்கத்தைப் புரட்டினார். அபாயம் நிலவும்போது சங்கையோ அதன் கம்பிகளையோ யாரும் கழற்றக் கூடாது.

"அப்ப இது எப்பதான்யா முடியும்?" என்றார் அதிகாரி.

"விதியில் தேடிக்கொண்டிருக்கிறேன், சார்" என்றார் பரமசிவம், ரொம்ப மரியாதையாக.

அதிகாரி அதற்குப் பிறகு வரவில்லை. தெருவில் ஆளுக்கொரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் விடாமல் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பரமசிவம் இரண்டு நாள் ஜலதோஷத்தில் படுத்தார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று பூமாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, எனக்குக் கடைசியாக ஒரு வரியைக் காட்டினார். அபாயம் நீங்கியதும் எல்லாப் பதுங்குகுழிகளையும் உடனே மண்போட்டு மூட வேண்டும், மாடு கன்று விழாமல் இருக்க. நான் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். "சங்கை மட்டும் யாரும் ரிப்பேர் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சேஷாசலம்" என்றார்.

பார்த்துக்கொண்டேன். வருடா வருடம், திருத்தணியில் அபாயம் தொடர்கிறது என்று எழுதி அனுப்பினேன். மற்றவர்கள் பதவி உயர்வு வாங்கி ஊர் மாறிப் போனார்கள். நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே அறையில் இருந்தேன். என் மனைவிகூடத் திட்டினாள். ஒருமுறை கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் ஃபேன் மாட்ட வந்தவன், சும்மா இருக்க மாட்டாமல், மேலே ஒரு மோட்டார் வீணாகக் கிடக்கிறதே என்று ஏணி போட்டுவிட்டான். இத்தனை வருட வேலையில் நான் ஓடியது அன்று ஒருநாள்தான். ஏணியைப் பிடித்து ஆட்டி அவனை இறக்கினேன். ஆபீசருக்குப் பைத்தியம் என்று கண்டிகை டீக்கடையில் இன்னமும் சொல்கிறானாம்.

இதையெல்லாம் கேட்ட விமலா, "ஆனா இப்ப போய் யாரு சார் குழிய மூடுவாங்க?" என்றாள். மூட மாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். பாறையில் குழி வெட்டவும் சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தோம், சொன்னார்கள். வா, காட்டுகிறேன் என்று அவளை நெசவாளர் தெருவுக்குக் கூட்டிப்போனேன்.

நாகம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பெண்கள் இருவரும் கல்யாணமாகி நகரிக்கும் புத்தூருக்கும் போய்விட்டார்கள். அதே குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். கைப்பட்டை தறியின் மரத்தில் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தினாள். பக்கத்தில் அலுவலகப் பெண் நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாள், குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"இன்னாங்க சார், குண்டு இன்னும் வர மாதிரிதான கீது?"

பதில் சொல்வது இனி என் வேலை இல்லை. விமலா குழியைப் பார்த்தாள், அதற்குள் இருந்த இரண்டு கால்களைப் பார்த்தாள்.

"ஆங், பாட்டி. வர மாதிரிதான் இருக்குது" என்றாள்.

"நல்லா இரும்மா" என்றாள் நாகம்மா. மிதியை மிதித்தாள், தறி ஓடத் தொடங்கியது.